திசு உரைக்கும் செய்தி

சேலம் நகரத்தின் வடபால் நீலநிறம் பூண்டு உயர்ந்து நிற்பது சேர்வராயன் மலை. அது கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்தது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், அம்மலையின்மீது ஏற்காடு என்னும் அழகிய ஊர் அமைந்துள்ளது. ஏரியும் காடும் ஒருங்கே விளங்குவதால் அவ்வூர் அப்பெயர் பெற்றது என்பர். சேலத்திலிருந்து அவ்வூர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. எனினும், கொண்டை ஊசி போல் வளைந்து செல்லும் 20 திருப்பங்களைக் கடந்தே அதனை அடைதல் வேண்டும். மலைச்சரிவுகளில் சில்வர் ஓக் மரங்கள் ஓங்கி நிற்கின்றன. அவற்றின் மீது மிளகுக் கொடிகள் படர்ந்துள்ளன. அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள் செழித்து வளர்கின்றன. 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராய் இருந்த காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தினார் என்பது வரலாறு.

காப்பித் தொழிலில் காலம் தவறுதல் கூடாது. செந்நிறமாகப் பழுத்த பழங்களையே தேர்ந்து பறித்தல் வேண்டும். பறித்த பழங்களை அன்றே பொறியிலிட்டுத் தோல் நீக்குதல் வேண்டும். பின்னர், கொட்டைகளைப் பற்றியுள்ள வழவழப்பு நீங்குமாறு அவற்றைத் தொட்டியில் புளிக்கவிட்டு, உரிய நேரத்தில் கழுவி உலர்த்துதல் வேண்டும். புளிக்கும் நேரம் குறைந்தால் வழவழப்பு நீங்காது. மிகுந்தால் கொட்டையின் மணம் கெடும். தோட்டங்களில் உழைக்கும் மகளிர் இதனை நன்கு அறிவர். அவர்கள் நாள்தோறும் காணும் இவ்வுண்மையே, மகளிரின் உயிர் காக்கும் ஓர் அரிய சோதனைக்கும் பொருந்துகின்றது. மார்பகப் புற்றுநோய்க் கட்டியின் திசுவை ஆராய்ந்து, அதில் இயக்குநீர் ஏற்பிகள் உள்ளனவா என்று காணும் சோதனையே அது.

இம்மலையில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்ணொருத்தியை நினைத்துக்கொள்க. அவளுக்கு அகவை நாற்பத்தைந்து. ஒருநாள் குளிக்கும்பொழுது, தன் மார்பில் நெல்லிக்காய் அளவான கட்டி ஒன்று இருப்பதை அவள் கை உணர்கின்றது. அதில் வலி இல்லை. ஆதலால் அவள் அதனைப் பொருட்படுத்தவில்லை. பழம் பறிக்கும் காலம் முடியட்டும் என்று இரண்டு மாதங்களைக் கடத்துகின்றாள். பின்னர் ஊருக்கு வரும் சுகாதாரச் செவிலியிடம், ஒருவரும் கேளாவண்ணம் மெல்ல அதனைக் கூறுகின்றாள்.

"வலியே இல்லை, அம்மா. வலியில்லாத ஒன்றைக் குறித்து அஞ்ச வேண்டுமா?" என்று கேட்கின்றாள்.

"வலி இல்லாமல் வளரும் கட்டியைத்தான், அக்கா, உடனே காட்ட வேண்டும். வலித்திருந்தால் நீங்களே அன்றைக்கே ஓடி வந்திருப்பீர்கள் அல்லவா?" என்று விடையளிக்கின்றாள் செவிலி.

இவ்வுரையாடல் கற்பனையே, ஆயினும் இந்நிலை கற்பனையன்று. இந்திய மகளிரைப் பற்றும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றுநோயே முதலிடம் பெற்றுள்ளது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகத் தோன்றியதாக, உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் பலர் கட்டி பெரிதான பின்னரே மருத்துவரை நாடுகின்றனர். நாணமும் அச்சமும் ஒருபுறம். வேலையும் கூலியும் மற்றொருபுறம். மலையில் வாழ்வோர்க்கோ தொலைவும் ஒரு தடையாகின்றது.

அப்பெண் மலையிறங்கிச் சேலத்திற்கு வருகின்றாள் என்று கொள்வோம். மருத்துவர் கட்டியிலிருந்து ஒரு சிறு திசுவை எடுக்கின்றார். உள்ளே துளையுள்ள தடித்த ஊசியைச் செலுத்தினால், நூலிழை போன்ற சில திசுத் துண்டுகள் கிடைக்கின்றன. அத்திசுவிடம் மருத்துவர் கேட்கும் வினாக்கள் இரண்டு. இக்கட்டி புற்றுநோய்தானா என்பது முதல் வினா. ஆம் எனில், இது எத்தன்மையது; எம்மருந்திற்குப் பணியும் என்பது இரண்டாம் வினா. முதல் வினாவிற்கு விடை காணும் முறை பழமையானது. இரண்டாம் வினாவிற்கு விடை காண மருத்துவ உலகம் முக்கால் நூற்றாண்டிற்கு மேல் உழைக்க வேண்டியிருந்தது. அவ்வுழைப்பின் வரலாறு சுவை மிக்கது.

அவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் ஜார்ஜ் பீட்சன் என்னும் அறுவை மருத்துவர். அவர் 1848-ஆம் ஆண்டில், ஈழத் திருநாட்டின் திருகோணமலையில் பிறந்தவர். பின்னர் ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ நகரத்தில் மருத்துவத் தொழில் புரிந்தார். இளமையில் அவர் பால் சுரத்தலைக் குறித்து ஆராய்ந்தார். கன்று ஈன்ற பசுவின் சூலகங்களை நீக்கிவிட்டால், அது நீண்ட காலம் தொடர்ந்து பால் தரும் என்பது சில நாட்டு உழவர்கள் அறிந்திருந்த செய்தி. எங்கோ வயிற்றினுள் இருக்கும் சூலகம், தொலைவிலுள்ள மார்பின் செயலை ஆள்கின்றதே என்று அவர் சிந்தித்தார். அங்ஙனமாயின் மார்பில் தோன்றும் புற்றுநோயையும் அது ஆளக்கூடும் அன்றோ? 1895-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நோய் முற்றிய 33 அகவைப் பெண்ணொருத்தியின் சூலகங்களை அவர் அறுவை செய்து நீக்கினார். சில மாதங்களில் அவளுடைய கட்டிகள் கரைந்து மறைந்தன. 1896-இல் அவர் அச்செய்தியை வெளியிட்டபொழுது மருத்துவ உலகம் வியந்தது.

ஆனால் வியப்பினைத் தொடர்ந்து ஏமாற்றமும் வந்தது. பிற மருத்துவர்கள் அம்முறையைக் கையாண்டபொழுது, ஏறத்தாழ மூவருள் ஒருவருக்கே பயன் விளைந்தது. ஏனைய இருவர் அறுவையின் துன்பத்தை அடைந்தனரேயன்றி நன்மை அடைந்திலர். பயன் பெறப்போகும் அந்த ஒருவர் யார் என்பதை முன்கூட்டியே அறிய வழி இருக்கவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் இப்புதிர் அவிழாமலே கிடந்தது.

இதற்கிடையில், உடலில் சுரக்கும் இயக்குநீர்களைக் குறித்து அறிவு வளர்ந்தது. ஹார்மோன் என்றும் அவற்றைக் கூறுவர். ஒரு சுரப்பியில் தோன்றிக் குருதியில் கலந்து, தொலைவிலுள்ள உறுப்புகளை இயக்குவதால் அவை அப்பெயர் பெற்றன. சூலகத்தில் சுரக்கும் இயக்குநீர்களுள் முதன்மையானது ஈஸ்ட்ரோஜன். அது குருதியோடு உடல் முழுவதும் சுற்றி வருகின்றது. எனினும் கருப்பை, மார்பு முதலிய சில உறுப்புகளே அதன் கட்டளைக்கு மிகுதியும் பணிகின்றன. அஃது ஏன்?

இவ்வினாவிற்கு விடை கண்டவர் அமெரிக்க வேதியியல் அறிஞர் எல்வுட் ஜென்சன் என்பவர். அவருடைய கண்டுபிடிப்பிற்கு ஒரு மலை துணை செய்தது என்பது சுவையான செய்தி. அவர் இளமையில் சுவிட்சர்லாந்து நாட்டில் பயின்ற காலத்தில், ஆல்ப்ஸ் மலைத்தொடரிலுள்ள மாட்டர்ஹார்ன் என்னும் கொடுமுடியின் மீது ஏறினார். அச்சிகரத்தில் முதன்முதல் ஏறிய எட்வர்டு விம்பர் என்பவர், இத்தாலிய நாட்டுப் பக்கமாகப் பன்முறை முயன்று தோற்றவர். 1865-ஆம் ஆண்டில் அவர் சுவிட்சர்லாந்துப் பக்கமாகச் சென்று வெற்றி பெற்றார். ஒரு பக்கத்தில் வழி அடைபட்டால் மறுபக்கத்தில் வழி தேடுதல் வேண்டும் என்னும் உண்மையை ஜென்சன் அதனால் உணர்ந்தார்.

அக்காலத்து அறிஞர்கள், ஈஸ்ட்ரோஜன் எந்நொதியோடு சேர்ந்து எவ்வேதிவினையை நிகழ்த்துகின்றது என்றே ஆராய்ந்துகொண்டிருந்தனர். ஜென்சனோ, உறுப்பினுள் நுழைந்த ஈஸ்ட்ரோஜனுக்கு என்ன நேர்கின்றது என்று வினவினார். சிகாகோ நகரத்தில் ஜேக்கப்சன் என்பவரோடு இணைந்து, டிரிட்டியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜனை ஈஸ்ட்ரோஜனில் சேர்த்து, அதனை இளம் பெண் எலிகளின் உடலில் செலுத்தினார். கதிர்வீச்சைக் கொண்டு அது செல்லுமிடங்களைப் பின்தொடர்ந்தார். தசை முதலிய பகுதிகளில் நுழைந்த ஈஸ்ட்ரோஜன் விரைவில் வெளியேறிவிட்டது. கருப்பையிலோ அது நெடுநேரம் தங்கியது. தன் வடிவம் சிறிதும் மாறாமல் தங்கியது. ஆகவே, அதனைப் பற்றி நிறுத்தும் ஒரு பொருள் அங்கே இருத்தல் வேண்டும் என்று ஜென்சன் தெளிந்தார். அப்பொருளே ஏற்பி எனப்படும் புரதம். 1958-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து மாநாட்டில் அவர் இதனை எடுத்துரைத்தபொழுது, கேட்க வந்தவர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. எனினும் உண்மை கூட்டத்தின் அளவை நோக்கி நிற்பதில்லை. பிற்காலத்தில், 2004-இல், லாஸ்கர் பரிசு என்னும் பெருஞ்சிறப்பு அவரை வந்தடைந்தது.

இயக்குநீர் திறவுகோல் போன்றது. ஏற்பி பூட்டுப் போன்றது. பூட்டு இல்லாத வீட்டில் திறவுகோலுக்கு வேலை இல்லை. மார்பகக் கட்டியின் உயிரணுக்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருந்தால், ஈஸ்ட்ரோஜன் அதனைப் பற்றி, வளர்க என்று அக்கட்டிக்கு ஆணையிடுகின்றது. அத்தகைய கட்டியே இயக்குநீரைத் தடுத்தால் ஒடுங்கும். ஏற்பி இல்லாத கட்டி இயக்குநீரை எதிர்பாராமல் தானே வளர்கின்றது. அதனிடம் அச்சிகிச்சை பலிப்பதில்லை. பீட்சன் காலம் முதல் இருந்த புதிர் இங்ஙனம் அவிழ்ந்தது. 1971-ஆம் ஆண்டளவில் ஜென்சனும் அவர்தம் குழுவினரும், கட்டியின் திசுவைச் சோதித்துப் பயன்பெறத்தக்க நோயாளரை முன்கூட்டியே கூற இயலும் என்று காட்டினர்.

பூட்டைக் கண்டதோடு நின்றால் போதுமா? அதனை அடைக்கும் பொருளும் வேண்டும். அப்பொருளும் ஏறத்தாழ அக்காலத்திலேயே கிடைத்தது. டமாக்சிஃபென் என்னும் மருந்தை 1962-இல் இங்கிலாந்தில் டோரா ரிச்சர்ட்சன் என்னும் பெண் வேதியியலார் முதலில் உருவாக்கினார். கருத்தடைக்காக ஆராயப்பட்ட அம்மருந்து அதற்குப் பயன்படவில்லை. ஆயினும் 1971-இல் மான்செஸ்டர் நகரத்து மருத்துவர் மேரி கோல் முதலியோர், மார்பகப் புற்றுநோய்க்கு அது பயன்படுதலை எடுத்துக்காட்டினர். பூட்டினுள் நுழைந்து, அதனைத் திறவாமல் அடைத்துக்கொண்டு நிற்கும் பொய்த் திறவுகோல் போன்றது அது. உண்மைத் திறவுகோலாகிய ஈஸ்ட்ரோஜன் மார்பகக் கட்டியில் நுழைய அது இடந்தருவதில்லை.

ஆனால் அக்காலத்துச் சோதனை பெருநகரங்களுக்கே உரியதாய் இருந்தது. கட்டியை நீக்கியவுடன் அதனைக் கடுங்குளிரில் உறைய வைத்தல் வேண்டும். பின்னர் அரைத்து, மிகு விரைவில் சுழலும் பொறியிலிட்டு, கதிரியக்கப் பொருளைச் சேர்த்து அளவிடுதல் வேண்டும். கட்டி சிறிதாயின் சோதனைக்குத் திசு போதாது. உறைந்த நிலை சற்றே நெகிழ்ந்தாலும் ஏற்பிகள் சிதைந்துவிடும். இத்தகைய சோதனையைச் சேர்வராயன் மலையடிவாரத்திற்குக் கொண்டுவருதல் எங்ஙனம் இயலும்?

இத்தடையை நீக்கியது எதிர்ப்பொருள் என்னும் கருவி. நோய்க் கிருமிகள் உடலில் புகுந்தால், அவற்றை இனங்கண்டு பற்றுவதற்கு உடல் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகின்றது. ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குரிய ஒரு பொருளையே நாடிப் பற்றும். ஒரே வகையான எதிர்ப்பொருளைப் பேரளவில் உண்டாக்கும் முறையை 1975-இல் கோலர், மில்ஸ்டைன் என்னும் இருவர் கண்டறிந்தனர். ஜென்சனும் கிரீன் என்பவரும், ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைப் பற்றும் எதிர்ப்பொருளை 1977-இலும், ஒருமைப்பட்ட தூய எதிர்ப்பொருளை 1980-இலும் உருவாக்கினர். அதன் பின்னர், அரைத்தலும் உறைய வைத்தலும் கதிரியக்கமும் வேண்டாத ஒரு சோதனை வளர்ந்தது. பார்மலினில் ஊறி மெழுகில் பதிந்த சிறு திசுவே போதுமானதாயிற்று. பனிக்கட்டியிலிருந்து மெழுகிற்கு வந்த இம்மாற்றமே, இச்சோதனையைச் சிற்றூர் மகளிர்க்கும் எட்டச் செய்தது.

இக்காலத்துச் சோதனை நிகழும் முறையை இனிக் காண்க. எடுத்த திசுவைப் பார்மலின் நீர்மத்தில் இடுகின்றனர். அது திசுவை அழுகாமல் காத்து, உயிரணுக்களையும் அவற்றிலுள்ள புரதங்களையும் இருந்த இடத்திலேயே நிறுத்துகின்றது. பின்னர்த் திசுவிலுள்ள நீரைச் சாராயத்தால் நீக்கி, உருகிய பாரபின் மெழுகினை உட்செலுத்திக் கட்டியாக்குகின்றனர். மைக்ரோடோம் என்னும் கருவியால் அம்மெழுகுக் கட்டியைச் சீவுகின்றனர். ஒரு சீவலின் கனம் மூன்று அல்லது நான்கு மைக்ரான். அஃதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அவற்றுள் மூன்று அல்லது நான்கு பங்கு. அச்சீவலைக் கண்ணாடிச் சில்லின் மீது படியவைத்து மெழுகை நீக்குகின்றனர். பார்மலினால் மறைபட்ட ஏற்பிகள் வெளிப்படுமாறு அதனைத் தக்க நீர்மத்தில் சூடேற்றுகின்றனர். அதன்பின் ஏற்பியை நாடும் எதிர்ப்பொருளை அதன்மேல் இடுகின்றனர். ஏற்பி உள்ள இடத்தில் எதிர்ப்பொருள் ஒட்டிக்கொள்கின்றது. இல்லாத இடத்திலுள்ளது கழுவும்பொழுது நீங்கிவிடுகின்றது. ஒட்டிய எதிர்ப்பொருளைக் கண்ணுக்குக் காட்டுவதற்கு ஒரு நொதியையும் நிறம் தரும் பொருளையும் சேர்க்கின்றனர். இறுதியில் திசு முழுவதற்கும் நீலச் சாயம் ஏற்றுகின்றனர்.

நுண்ணோக்கியின் வழியே நோக்கும் மருத்துவருக்கு அப்பொழுது ஒரு காட்சி தோன்றுகின்றது. ஏற்பி உள்ள உயிரணுக்களின் உட்கருக்கள் பழுப்பு நிறமாய் விளங்குகின்றன. ஏற்பி இல்லாதவை நீலநிறமாய்த் தோன்றுகின்றன. புற்றுநோய் உயிரணுக்களுள் நூற்றுக்கு எத்தனை பழுப்பு நிறம் பெற்றுள்ளன, அந்நிறம் எவ்வளவு அழுத்தமானது என்று அவர் கணக்கிடுகின்றார். நூற்றுக்கு ஒன்று முதலே ஏற்பி உண்டு என்று கொள்வது 2010-ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ள நெறி. ஒன்று முதல் பத்து வரை உள்ளவற்றைக் குறைந்த அளவு என்று தனியே குறிக்க வேண்டும் என்று 2020-இல் விதித்தனர். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோடு, புரோஜெஸ்டிரோன் என்னும் மற்றோர் இயக்குநீரின் ஏற்பியையும் இம்முறையிலேயே காண்பர்.

இனி, காப்பிப் பழத்திற்கும் இச்சோதனைக்கும் உள்ள ஒப்புமையைக் கருதுக. செடியிலிருந்து பறித்த பழம் காத்திருப்பதில்லை. உடலிலிருந்து எடுத்த திசுவும் காத்திருப்பதில்லை. குருதியோட்டம் நின்ற அந்நொடியிலிருந்தே அதன் புரதங்கள் சிதையத் தொடங்குகின்றன. ஆதலால் ஒரு மணி நேரத்திற்குள் திசுவைப் பார்மலினில் இடுதல் வேண்டும். பெரிய கட்டியாயின், அதனை அறுத்துப் பிளந்து இடுதல் வேண்டும்; இல்லையேல் நீர்மம் உள்ளே சென்று சேர்வதற்குள் நடுப்பகுதி கெட்டுவிடும். பார்மலினில் ஊறும் காலம் 6 மணி நேரத்திற்குக் குறைதலும் கூடாது. 72 மணி நேரத்திற்கு மிகுதலும் கூடாது. இந்நெறி பிழைத்தால், உண்மையில் உள்ள ஏற்பியும் இல்லாததுபோல் தோன்றக்கூடும்.

சனிக்கிழமை மாலையில் ஒரு சிறிய மருத்துவமனையில் அறுவை நிகழ்கின்றது எனக் கொள்க. நீக்கிய கட்டியைப் பிளவாமல், சிறிதளவு பார்மலின் உள்ள குப்பியில் திணித்து, செவ்வாய்க்கிழமை இரவு வரை அலமாரியில் வைத்திருந்தால் என்னாகும்? அத்திசு பேசும் ஆற்றலை இழந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் எத்துணைச் சிறந்த கருவி இருந்தும் பயன் இல்லை. பொறுப்பற்ற ஒருவரின் சிறு சோம்பல், ஏற்பி இல்லை என்னும் பெரும்பொய்யாய் முடியும்.

இஃது வெறும் அச்சமன்று. மும்பையிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனையில் 798 கட்டிகளைச் சோதித்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் கட்டிகளிலேயே ஈஸ்ட்ரோஜன் ஏற்பி காணப்பட்டது. மேனாடுகளிலோ நான்கில் மூன்று பங்கிற்கு அணித்தாக அது காணப்படுகின்றது. இந்திய மகளிர் இளம் அகவையிலேயே இந்நோயுறுதல் இவ்வேறுபாட்டிற்கு ஒரு காரணம். ஆனால் திசுவைப் பேணுவதிலும் சோதிப்பதிலும் நேரும் குறைகளும் ஒரு காரணமாகலாம் என்று அறிஞர் ஐயுற்றனர். முறைகள் சீர்ப்பட்ட பின்னர் வந்த இந்திய ஆய்வுகள் பலவற்றில், பாதியளவும் அதற்கு மேலும் ஏற்பி காணப்படுகின்றது.

செல்வம் மிக்க நாடுகளிலும் இப்பிழை நேர்ந்ததுண்டு. கனடா நாட்டின் நியூஃபவுண்ட்லாந்துப் பகுதியில், 1997 முதல் 2005 வரை செய்யப்பட்ட சோதனைகளை மீண்டும் பார்த்தபொழுது, 300-க்கு மேற்பட்ட மகளிர்க்குத் தவறான முடிவு கூறப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. ஏற்பி உண்டு என்று அறிந்திருந்தால் அவர்களுக்குக் கிடைத்திருக்கும் மருந்து அவர்களுக்கு மறுக்கப்பட்டது. சிலர் அதற்குள் இறந்தும்விட்டனர். அந்நாட்டு நீதிபதி ஒருவரின் தலைமையில் விசாரணை நிகழ்ந்து, 2009-இல் அறிக்கை வெளிவந்தது. இத்தகைய பிழையைத் தடுப்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஏற்பி உண்டு என்று முன்னமே அறிந்த வேறொரு திசுவையும் உடன்வைத்துச் சோதித்தல் வேண்டும். நோயாளியின் திசுவிலேயே இயல்பான பால்நாளங்கள் இருந்தால், அவற்றில் பழுப்பு நிறம் தோன்றுகின்றதா என்றும் நோக்குதல் வேண்டும். தோன்ற வேண்டிய இடத்திலும் நிறம் தோன்றவில்லையாயின், குறை கட்டியில் இல்லை, சோதனையிலேயே உள்ளது.

இத்துணைக் கவனம் எதற்காக என்று வினவலாம். ஏற்பி உள்ள நோயாளி டமாக்சிஃபென் மாத்திரையை நாள்தோறும் ஒன்றாக ஐந்து ஆண்டுகள் உட்கொண்டால், பதினைந்து ஆண்டுகளில் இந்நோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகின்றது. பல்லாயிரம் மகளிரின் சிகிச்சை முடிவுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2011-இல் அறிஞர் வெளியிட்ட முடிவு இது. அம்மாத்திரையின் விலை சில ரூபாயே. அதனை உட்கொள்ள மருத்துவமனையில் படுத்திருக்க வேண்டுவதில்லை. மலைமேல் தன் குடிசையில் இருந்தவாறே உட்கொள்ளலாம். மாதவிடாய் நின்ற மகளிர்க்கு, உடலில் ஈஸ்ட்ரோஜன் உண்டாவதையே தடுக்கும் வேறு மாத்திரைகளும் உள்ளன. ஆனால் ஏற்பி இல்லாத பெண்ணுக்கு இம்மாத்திரைகளால் பயன் இல்லை. அவளுக்கு வேறு மருந்துகள் உண்டு. அவற்றைக் காலந்தாழ்த்தாமல் தொடங்குதல் வேண்டும். ஏற்பி இல்லை என்னும் முடிவு நம்பிக்கை இழப்பதற்குரியதன்று, வழியை மாற்றிக்கொள்வதற்குரியது. ஆகவே சோதனை பிழைத்தால் இருவகையாலும் கேடு விளையும். இருப்பதை இல்லை என்றால், உயிர் காக்கும் எளிய மருந்து கைநழுவும். இல்லாததை உண்டு என்றால், பயனற்ற மருந்தை நம்பிக் காலம் வீணாகும்.

ஏழை மகளிர்க்கும் இத்தகைய மருத்துவம் எட்ட வேண்டும் என்று தமிழகத்தில் முதன்முதல் பாடுபட்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் ஆவார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், அத்துயரத்தைத் தொண்டாக மாற்றினார். அவருடைய முயற்சியால் 1954-ஆம் ஆண்டில், 12 படுக்கைகளோடு, சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. 1955-இல் அங்கே பணியேற்ற டாக்டர் சாந்தா அம்மையார், 2021-இல் மறையும் வரை அத்தொண்டிலேயே வாழ்நாளைக் கழித்தார். நோயாளியின் கையிலுள்ள பொருளை நோக்கி மருத்துவம் வேறுபடுதல் ஆகாது என்பதே அவர்கள் காட்டிய நெறி.

மெழுகுக் கட்டியில் மற்றொரு நன்மையும் உண்டு. அது பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். சேலத்தில் ஐயம் தோன்றினால், அதனைச் சென்னைக்கோ வேலூருக்கோ அஞ்சலில் அனுப்பி மீண்டும் சோதிக்கலாம். நோயுற்ற பெண் கூலியை இழந்து, உறவினரைத் துணைகொண்டு, தொலைவான நகரங்களுக்கு அலைய வேண்டுவதில்லை. அவளுடைய திசு அவளுக்காகப் பயணம் செய்யும். ஆதலால் சோதனை முடிவைக் கூறும் தாளையும், மெழுகுக் கட்டி எங்கே உள்ளது என்னும் குறிப்பையும் நோயாளர் கேட்டுப் பெற்றுப் போற்றி வைத்தல் நன்று.

இனி மீண்டும் ஏற்காட்டிற்குச் செல்வோம். மலையிறங்கி வந்த அப்பெண்ணின் திசுவை, எடுத்த நொடியிலேயே பார்மலினில் இட்டாள் ஒரு செவிலி. குப்பியின்மேல் பெயரையும் நாளையும் நேரத்தையும் பிழையின்றி எழுதினாள். அதனைத் தாமதமின்றி ஆய்வுக்கூடத்தில் சேர்த்தான் ஓர் ஊழியன். மெழுகைச் சீராகச் சீவினார் ஒரு தொழில்நுட்பர். துணைத் திசுவோடு ஒப்பிட்டு முடிவெழுதினார் ஒரு மருத்துவர். இவர்களுள் எவரும் அவள் முகத்தை நன்கு அறியார். ஆயினும் ஒவ்வொருவர் கையிலும் அவளுடைய வாழ்வு சிறிது நேரம் தங்கிச் சென்றது. ஒருவர் தவறியிருந்தாலும் ஏனையோர் உழைப்பு வீணாகியிருக்கும். ஏற்பி உண்டு என்னும் செய்தி அவளிடம் வந்து சேர்ந்தது. சிகிச்சை முடிந்தபின், மாத்திரைகளோடு அவள் இருபது திருப்பங்களையும் கடந்து மலையேறினாள்.

அடுத்த கார்த்திகையில் காப்பி பழுக்கும்பொழுது, பழம் பறிக்கும் மகளிர் நடுவே அவளும் நிற்பாள். தன்னருகே நிற்கும் இளையவளிடம், "வலி இல்லை என்று இருந்துவிடாதே, தங்கையே, உடனே சென்று காட்டு" என்று கூறுவாள். பழுத்ததைப் பழுத்த நாளிலேயே பறிக்க வேண்டும் என்று அறிந்தவர்க்கு இவ்வறிவுரை எளிதில் விளங்கும். காலத்தோடு காட்டுதல் நோயாளியின் கடமை. காலத்தோடு திசுவைக் காத்து உண்மையை உரைத்தல் மருத்துவத் துறையினரின் கடமை. இவ்விரண்டும் ஒன்றுசேருமிடத்து, அச்சிறு திசு உரைக்கும் செய்தி ஓர் உயிரைக் காக்கும்.